ஸ்காட்லாந்து மழைக்காட்டில் எதைப் பார்ப்பது?

கேள்வி இதுதான்: "கிளாஸ்கோவில் படிக்க வந்திருக்கிறேன். மேற்குக் கரையில் மழைக்காடு இருக்கிறது என்று சொன்னதை நம்பி ஒரு சனிக்கிழமை போனேன். குட்டை குட்டையாக மரங்கள், எங்கு பார்த்தாலும் பாசி, ஓயாத தூறல். ஒரு மிருகம்கூடக் கண்ணில் படவில்லை. வால்பாறைக் காட்டைப் பார்த்தவனுக்கு இது ஒன்றுமே இல்லை. இதை ஏன் மழைக்காடு என்கிறார்கள்? அப்படி என்னதான் இருக்கிறது அங்கே?"

உங்கள் ஏமாற்றம் எனக்கு நன்றாகவே புரிகிறது. வேலைக்காக இந்த ஊருக்கு வந்த புதிதில் நானும் இப்படித்தான் போய், நனைந்து, சளி பிடித்துத் திரும்பினேன். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ போனபோது மழை வலுத்துவிட்டது. ஓர் ஓக் மரத்தை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். மூக்குக்கு நேரே பட்டையில் சாம்பல் நிறத்தில், ஓரம் சுருண்டு, காய்ந்த கீரை போல ஒன்று ஒட்டியிருந்தது. ஓரத்தை விரலால் லேசாகத் தூக்கிப் பார்த்தேன். அடிப்பக்கம் கன்னங்கரேல் என்று இருந்தது. எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தால், அட, எங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டி! செட்டிநாட்டுக் கறிக்குழம்புக்கு எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்போடு சேர்த்துப் போடுவோமே, அந்தக் கல்பாசி.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கல்பாசி என்று கடையில் விற்பதில் முக்கியமான இனம் பார்மோட்ரீமா பெர்லேட்டம். பிரிட்டனின் மேற்குப் பக்க மரங்களில் அது சர்வசாதாரணமாக வளரும் இனம். பெயரில் பாசி இருந்தாலும் அது பாசி இல்லை, லைக்கன். பள்ளிக்கூடத்தில் ஒரு மதிப்பெண் கேள்வியாகப் படித்திருப்பீர்கள்: பூஞ்சையும், ஆல்கா எனப்படும் நுண்பாசியும் கூட்டுக்குடித்தனம் நடத்தும் உயிர். வீடு பூஞ்சையுடையது, அடுப்பு பாசியுடையது. பூஞ்சை தன் இழைகளால் கூடு பின்னி ஈரத்தைப் பிடித்து வைக்கும். உள்ளே இருக்கும் பச்சைப்பாசியோ, நீலப்பச்சைப்பாசியோ, சில சமயம் இரண்டுமோ, வெயிலில் சர்க்கரை தயாரித்துப் போடும்.

வால்பாறையில் அண்ணாந்து பார்த்துப் பழகிய கண்ணோடு இங்கே வந்தால் ஒன்றும் தெரியாது. இந்தக் காட்டில் மரம் வெறும் சாரம்தான். காடு என்று சொல்லத்தக்கது அதன் பட்டைமேல், கிளைமேல், அடியில் கிடக்கும் பாறைமேல் இருக்கிறது. நீங்கள் "எங்கும் பாசி" என்று ஒரே வார்த்தையில் தாண்டிப் போனீர்களே, அதுதான் விஷயமே. ஈரமான ஒரு மலையிடுக்கில் மட்டும் மாஸ், லிவர்வொர்ட் என்ற பூக்காத சிறுசெடி வகைகள் 200 வரை இருக்கலாம். அதே காட்டில் லைக்கன்களும் அந்த எண்ணிக்கைக்குக் குறையாமல் இருக்கும். மர இனங்களை எண்ணினால் இரண்டு கை விரலுக்குள் அடங்கிவிடும்: ஓக், பிர்ச், ஹேசல், ஆஷ், ரோவன், ஆல்டர், ஹாலி, வில்லோ.

சரி, மழைக்காடு என்ற பெயருக்கு வருவோம். மிதவெப்ப மழைக்காடு என்று சொல்ல ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழையாவது வேண்டும் என்பது பலரும் எடுத்துக்கொள்ளும் கணக்கு. சென்னையின் ஆண்டுச் சராசரியும் ஏறக்குறைய அதே 1400தான்! அப்படியானால் கிண்டியில் ஏன் மழைக்காடு இல்லை? சென்னையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். அப்புறம் மாதக்கணக்கில் வெயில் வறுக்கும். இங்கே மேற்குக் கரையில் பல இடங்களில் 2000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, அதுவும் வருடம் முழுக்கப் பரவி. கோடையிலும் மழை உண்டு, வெப்பம் ஏறாது. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் இருப்பதால் இந்த உயரமான அட்சரேகையிலும் கடலோரத்தில் கடுமையாக உறைவதில்லை. பட்டைமேல் வாழும் ஓர் உயிருக்குக் கொட்டும் மழையைவிட இந்தக் காயாத தன்மைதான் வேண்டும். உங்களைச் சலிக்க வைத்த அந்த ஓயாத தூறல் இல்லாவிட்டால் இந்தக் காடே கிடையாது.

உலகத்திலேயே இப்படிப்பட்ட இடங்கள் குறைவு, நிலப்பரப்பில் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. அமெரிக்கா, கனடாவின் பசிபிக் கரை, சிலியின் தெற்கு, நியூசிலாந்து, டாஸ்மேனியா, ஜப்பானின் சில பகுதிகள், நார்வேயின் கடலோரம், அயர்லாந்து, வேல்ஸ், இங்கிலாந்தின் தென்மேற்கு, அப்புறம் நம்முடைய ஸ்காட்லாந்து மேற்குக் கரை. ஸ்காட்லாந்தில் மிஞ்சியிருப்பது சுமார் 30,000 ஹெக்டேர்தான், அதுவும் துண்டு துண்டாக. இன்னொரு விஷயம், இந்தியக் காடுகளை வகைப்படுத்திய சாம்பியன், சேத் பட்டியலில் நம் நீலகிரிச் சோலைகள் "தெற்கத்திய மலை ஈர மிதவெப்பக் காடு" என்ற தலைப்பில்தான் வருகின்றன. அவலாஞ்சி சோலையில் கிளைகள்மேல் பாசி தொங்குவதைப் பார்த்திருந்தால், நீங்கள் ஒப்பிட வேண்டியது அதோடு. வால்பாறையோடு ஒப்பிட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இனி, அடுத்த தடவை போனால் என்னென்ன பார்க்கலாம் என்று சொல்கிறேன்.

முதலில் தேட வேண்டியது நுரையீரல் லைக்கன், லோபேரியா பல்மனேரியா. ஆஷ், ஹேசல், வயதான ஓக் மரங்களில் பட்டையை விட்டு விலகி இலை இலையாகத் தொங்கும். மழை நாளில் போனால் பளீரென்ற பச்சை. மேல்பரப்பில் மேடும் பள்ளமுமாக வலை போட்ட மாதிரி இருக்கும், ஆட்டு நுரையீரலைக் கசாப்புக் கடையில் பார்த்திருந்தால் உடனே பிடிபடும். அந்தச் சாயலை வைத்துத்தான் பழைய ஐரோப்பிய வைத்தியர்கள் இதை நெஞ்சுச் சளிக்கும் காசநோய்க்கும் கொடுத்திருக்கிறார்கள். மழையில்லாமல் நான்கு நாள் கழித்து அதே மரத்துக்குப் போங்கள். பழுப்பாகச் சுருங்கி, தொட்டால் பழைய காகிதம் போல மொரமொரக்கும். செத்துவிடவில்லை. ஈரம் இல்லாதபோது இயக்கத்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். பாட்டில் தண்ணீரைச் சில துளி அதன்மேல் விட்டுப் பாருங்கள், கண்ணெதிரே பச்சை திரும்பும். நான் இதைக் கூட வருகிற குழந்தைகளுக்குக் காட்டுவேன், பெரியவர்கள்தான் அதிகமாக வாய்பிளப்பார்கள்.

இந்த லைக்கனில் பச்சைப்பாசி முக்கியக் கூட்டாளி என்றாலும், உள்ளே சின்னச் சின்ன உருண்டைகளாக நீலப்பச்சைப்பாசியும் உண்டு. அது காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கும். லைக்கன் உதிர்ந்து தரையில் மக்கும்போது அந்த உரம் காட்டுக்குப் போய்ச் சேருகிறது. நம் வயலில் அசோலா செய்யும் அதே வேலை, மரத்தின்மேல் நடக்கிறது.

பக்கத்திலேயே கறுப்பும் பழுப்புமாக, காது மடல் மாதிரி ஒன்று இருந்தால் அது ஸ்டிக்டா என்ற லைக்கனாக இருக்கலாம். ஈர விரலால் லேசாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கெட்டுப்போன மீன் வாடை. ஒரு முறை முகர்ந்தால் மறக்கவே முடியாது, எனக்கு எங்கள் ஊர்க் கருவாட்டுச் சந்தைதான் நினைவுக்கு வரும். இதில் கூட்டாளி முழுக்க நீலப்பச்சைப்பாசி. அதற்கு ஒரு பிடிவாதம் உண்டு: பச்சைப்பாசி இருக்கும் லைக்கன்கள் காற்றின் ஈரப்பதம் மட்டும் இருந்தாலே விழித்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடும். நீலப்பச்சைப்பாசி லைக்கனுக்கு அது போதாது, சொட்டச் சொட்ட நீர் வேண்டும். ஸ்டிக்டா போன்றவை மழை ஓயாத இந்த மேற்குக் கரையில் செழிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹேசல் மரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பார்த்தால் மரம் என்றே தோன்றாது. ஒரே தூரிலிருந்து பத்து இருபது தண்டுகள் கிளம்பி, மூங்கில் புதர் போல நிற்கும். பழைய தண்டு சாகச் சாக அடியிலிருந்து புதுத் தண்டு வந்துகொண்டே இருக்கும், அதனால் தண்டுக்கு வயது ஐம்பது அறுபது என்றாலும் தூருக்கு வயது நூற்றாண்டுக் கணக்கில் போகும். சீல் என்றொரு தீவு இருக்கிறது, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய ஒற்றை வளைவுக் கல்பாலத்தில் ஏறி அட்லாண்டிக்கையே தாண்டிவிட்டோம் என்று உள்ளூரார் பெருமையடிப்பார்கள். அந்தத் தீவில் பாலஹுவன் என்ற ஹேசல் காடு உண்டு. பனியுகம் முடிந்து நிலம் வெளிப்பட்ட காலத்திலிருந்தே அங்கே ஹேசல் தொடர்ந்து இருந்து வந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

ஹேசலின் இளந்தண்டு வழவழப்பாக, வெள்ளியும் பழுப்பும் கலந்த நிறத்தில் இருக்கும். அதில் கறுப்புப் பேனாவால் கிறுக்கின மாதிரி கோடுகள் தெரியும். கிறுக்கல் இல்லை, அதுவும் லைக்கன்தான்: கிராஃபிஸ். கிரேக்கச் சொல்லுக்குப் பொருளே எழுத்து. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் வளைந்து, கிளைத்து, ஓலைச்சுவடியில் மை தடவிய எழுத்து மாதிரியே தெரியும். ஒரு கைப்பிடி அகலத் தண்டில் நான்கைந்து இனங்கள், ஒன்றோடொன்று எல்லைக்கோடு கிழித்துக்கொண்டு நிலச்சண்டை போடுவதைப் பார்க்கலாம். தண்டு முதிர்ந்து பட்டை சொரசொரப்பானதும் இவை போய், நுரையீரல் லைக்கன் கூட்டம் குடியேறும். ஒரே ஹேசல் தூரில் இளசும் கிழமும் சேர்ந்திருப்பதால் இரண்டு தலைமுறை லைக்கனையும் அடுத்தடுத்துப் பார்த்துவிடலாம்.

பூஞ்சைகள் பக்கம் வந்தால் எனக்குப் பிடித்த ஜோடி ஒன்று இதே ஹேசலில்தான் இருக்கிறது. காட்டுக்குள் நடக்கும்போது, செத்த குச்சி ஒன்று கீழே விழாமல் உயிருள்ள தண்டில் ஒட்டிக்கொண்டு நிற்பதைக் கவனியுங்கள். தொடும் இடத்தில் கறுப்பாக, தார் பூசிய மாதிரி ஒரு திட்டு. அது பசைப்பூஞ்சை. செத்த குச்சி தரையில் விழுந்தால் ஆயிரம் பூஞ்சைகள் பங்குக்கு வரும். அதனால் விழுவதற்கு முன்பே நடுவானில் ஒட்டவைத்துத் தனியாகச் சாப்பிடுகிறது. எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள். ஆனால் அதற்கு மேலே ஒரு எத்தன் இருக்கிறான். அந்தப் பசைப்பூஞ்சையின்மேல் ஆரஞ்சும் பழுப்புமாக, ரப்பர் கையுறையின் விரல்கள் தண்டைப் பிடித்துக்கொண்டிருப்பது போல ஒன்று வளரும். ஆங்கிலத்தில் பெயரும் ஹேசல் கையுறை என்றுதான். மரத்தை அது தொடுவதில்லை, பசைப்பூஞ்சையை உறிஞ்சி வாழ்வதாகவே ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். மிக அரிது. எத்தனையோ தடவை தேடி, இரண்டே முறைதான் எனக்குக் கிடைத்திருக்கிறது. காடு நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வருகிறவர்கள் இதைத்தான் முதலில் தேடுவார்கள்.

குளிர்காலத்தில் போனால் இன்னொரு வித்தை. காற்றில்லாத, ஈரமான, சரியாக உறைநிலைக்குச் சற்றுக் கீழே இறங்கின இரவுக்கு மறுநாள் காலையில், பட்டை உரிந்த மட்கிய குச்சிகளில் வெள்ளை வெளேரென்று முடி முளைத்திருக்கும். பஞ்சுமிட்டாய் போலவும் இருக்கும், எண்ணெய் தடவி வாரிய பாட்டியின் நரைமுடி போலவும் இருக்கும். ஒவ்வொரு இழையும் 0.02 மில்லிமீட்டர் தடிமன்தான், எல்லாமே பனி. கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன ஆல்ஃப்ரட் வெகனர்தான் 1918இலேயே இதற்குப் பின்னால் ஒரு பூஞ்சை இருக்க வேண்டும் என்று ஊகித்தவர். 2015இல்தான் அது எக்ஸிடியாப்சிஸ் எஃப்யூசா என்ற பூஞ்சை என்று உறுதியானது. மரத்துளைகளிலிருந்து பிதுங்கி வரும் நீர் உறையும்போது பெரிய கட்டிகளாகச் சேர்ந்துவிடாமல் பூஞ்சை விடும் ஏதோ பொருள் தடுக்கிறது, அதனால் இழை இழையாகவே நிற்கிறது. மூச்சுக்காற்று பட்டால் போய்விடும், கிட்டே குனியும்போது கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள்.

மற்றபடி சாப்பிடும் காளானும் உண்டு. இலையுதிர் காலத்தில் பிர்ச், ஓக் அடியில் மஞ்சளாக முளைக்கும் சாண்டரெல் காளானைப் பறிக்க ஆட்கள் வருவார்கள். தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் நீங்கள் எதையும் வாயில் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

பாறை இடுக்குகளில், ஓடையை ஒட்டி, மென்படலப் பெரணி இருக்கும். முதலில் மாஸ் என்றே நினைப்பீர்கள், விரல் நீளம்கூட இருக்காது. ஓர் இலையை வெளிச்சத்துக்கு நேரே வைத்துப் பார்த்தால் மறுபக்கம் தெரியும். நரம்பு போக மீதி இலையின் தடிமன் ஒரே ஒரு செல். வெங்காயத்தின் உள்தோலை உரித்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தோமே, அந்தக் கனம்தான். ஈரத்தைச் சேமிக்க மெழுகுத்தோல் எதுவும் இல்லாததால், சுற்றியிருக்கும் காற்று ஈரமாக இல்லாவிட்டால் இது தாங்காது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இதே குடும்பத்துப் பெரணிகள் உண்டு. இதன் பெரிய சொந்தக்காரன் கில்லார்னி பெரணி. அயர்லாந்தில் கில்லார்னி பக்கம் நன்றாக இருந்தது. விக்டோரியா காலத்தில் பெரணி வளர்ப்பது ஒரு பைத்தியமாகப் பரவி, வீட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் பெயர்த்துப் பெயர்த்தே அதை அரிதாக்கிவிட்டார்கள்.

மிருகம் எதுவும் பார்க்கவில்லை என்றீர்கள். பகலில் பேசிக்கொண்டே நடந்தால் எதுவும் காத்திருக்காது. இருப்பவை: சிவப்பு மான், ரோ மான், செவ்வணில், கடலோரத்தில் நீர்நாய், அப்புறம் பைன் மார்ட்டன் என்ற மரமேறும் சிறு வேட்டைவிலங்கு. நீலகிரி மார்ட்டன் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், தென்னிந்தியாவில் இருக்கும் ஒரே மார்ட்டன். அதன் ஒன்றுவிட்ட சகோதரன் இவன், கழுத்தில் அதே மஞ்சள் சட்டைத்துணி, கொஞ்சம் வெளிறியது. இவன் திரும்பிப் பெருகும் இடங்களில் வெளிநாட்டுச் சாம்பல் அணில் குறைந்து, உள்நாட்டுச் செவ்வணில் மீள்வதை அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் பதிவு செய்திருக்கிறார்கள். இதே மேற்குக் கரையில் நாப்டேல் என்ற இடத்தில் 2009இல் நார்வேயிலிருந்து கொண்டுவந்து விட்ட பீவர்களும் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க அந்தி வரை குளக்கரையில் உட்கார வேண்டும்.

மே மாதத்தில் போனால் பறவைகளுக்காகப் போகலாம். கதிர்க்குருவி, ஈபிடிப்பான், செவ்வால் மூன்றும் குளிர்காலத்தை சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவில் கழித்துவிட்டு இந்த ஓக் காடுகளுக்குக் குஞ்சு பொரிக்க வரும். ஓக் துளிர்விட்டதும் அதில் கிளம்பும் புழுக்கள்தான் தீனி. இங்கே வரும் கதிர்க்குருவியின் பாட்டு, தையல் மெஷின் மெதுவாகத் தொடங்கி வேகமெடுப்பது போல இருக்கும். குருவியைத் தேடாமல் முதலில் காது கொடுங்கள். அதே மே, ஜூனில் வெயில் விழும் காட்டோரத்தில் கட்டம் போட்ட ஸ்கிப்பர் என்ற சின்னப் பட்டாம்பூச்சி பறக்கும். இங்கிலாந்தில் 1976இல் அற்றுப்போனது, ஸ்காட்லாந்தின் இந்த ஒரு மூலையில் மட்டும் தப்பித்தது. 2018இல் பெல்ஜியத்திலிருந்து பிடித்து இங்கிலாந்தில் மறுபடி விட்டார்கள்.

பட்டியலில் விட்டுப்போகக் கூடாத உயிர் ஒன்று: மிட்ஜ். கொசுவைவிட ரொம்பச் சின்னது, ஆனால் ஆயிரக்கணக்கில் மொய்க்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்றடிக்காத மாலையில் காட்டுக்குள் நின்றால் கழுத்து, காது எல்லாம் தடித்துவிடும். தலைக்கு வலை போடுங்கள், வெட்கப்படாதீர்கள். உண்ணியும் உண்டு, லைம் நோயைப் பரப்பும். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள் எல்லாம் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் ஏன் இவ்வளவு குறைந்துபோனது என்றும் கேட்கத் தோன்றும். காட்டை வெட்டிக் கரியாக்கியதால் அழிந்தது என்று பலர் சுருக்கமாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. நான் ராமநாதபுரத்துக்காரன், சீமைக்கருவேலத்தில் கரிமூட்டம் போடுவதைப் பார்த்து வளர்ந்தவன். இங்கே லாக் எட்டிவ் என்ற கடலிடுக்கின் கரையோரச் சரிவுகளில் வட்டமாக, சமமாக வெட்டிய மேடைகளைப் பார்த்ததும் ஒருவரும் சொல்லாமலே புரிந்தது, மூட்டம் போட்ட இடம். அருகில் பொனாவில் 1753இல் ஓர் இரும்பு உலை தொடங்கி 1876 வரை ஓடியிருக்கிறது. இரும்புத்தாது இங்கிலாந்தின் வடமேற்கிலிருந்து கப்பலில் வந்தது. தாதைச் சுமந்து இவ்வளவு தூரம் வந்ததே இங்கிருந்த ஓக் கரிக்காகத்தான். ஓக் பட்டை தோல் பதனிடப் போனது, நம் ஊரில் ஆவாரம்பட்டை போல. ஆனால் வெட்டினவர்கள் தூரோடு பிடுங்கவில்லை. இருபது வருடத்துக்கு ஒருமுறை வெட்டி, மறுபடி தழைக்கவிட்டு, ஆடு மாடு நுழையாமல் வேலிபோட்டுக் காத்தார்கள். காசு வந்தவரை காடு இருந்தது. கரிக்கு மவுசு போனபிறகுதான் பல இடங்களில் வேலி விழுந்து, ஆடும் மானும் உள்ளே புகுந்தன.

ஓநாய் ஒழிந்து நூற்றாண்டுகள் ஆன நாட்டில் மானுக்குக் கணக்கே இல்லை. முளைக்கும் கன்றையெல்லாம் மேய்ந்துவிடும். கிழட்டு மரங்கள் மட்டும் நிற்கும் காட்டைப் பார்த்தால் முதியோர் இல்லம் மாதிரி இருக்கும். அதற்காக முழுக்க வேலி போட்டு மேய்ச்சலையே நிறுத்தினாலும் சிக்கல். முட்புதரும் கன்றும் அடர்ந்து தண்டின்மேல் நிழல் விழுந்தால் லைக்கன்கள் செத்துப்போகும். கொஞ்சம் மேயவும் வேண்டும், அதிகம் மேயவும் கூடாது. இந்த "கொஞ்சம்" எவ்வளவு என்பதில் நான் போகும் தன்னார்வக் குழுவிலேயே ஒவ்வொரு சனிக்கிழமையும் வாக்குவாதம் நடக்கும்.

மானைவிட மோசம் ரோடோடென்ட்ரான் பாண்டிகம். ஊட்டிப்பக்கம் செந்நிறத்தில் பூக்கும் காட்டுப்பூவரசின் இனத்தான். ஐபீரியாவிலிருந்து 1763இல் பிரிட்டனுக்குக் கொண்டுவந்து, பண்ணை வீடுகளில் அழகுக்கும் வேட்டைப் பறவைகள் ஒளிந்துகொள்ளவும் நட்டார்கள். ஒரு புதர் வருடத்துக்கு லட்சக்கணக்கில் விதை தூவும். இலையில் நஞ்சு, மான்கூட ஒதுக்கிவிடும். உள்ளே நுழைந்தால் பகலிலும் இருட்டு, தரையில் ஒரு புல் இராது, தண்டில் ஒரு லைக்கன் இராது. நீலகிரிப் புல்வெளிக்குச் சீகை மரம் செய்ததை இது இங்கே செய்கிறது. வெட்டினால் தூரிலிருந்து மறுபடி கிளம்பும், அதனால் வேரோடு நெம்பி எடுக்கிறோம் அல்லது தண்டில் மருந்து ஏற்றுகிறோம். நான்கு பேர் ஒரு நாள் முழுக்க வேலை செய்து ஒரு வீட்டு மனை அளவு இடத்தைச் சுத்தம் செய்வோம். திரும்பிப் பார்த்தால் மலைச்சரிவு முழுக்க ஊதாப் பூ.

ஒரு வேடிக்கை: ஹேசல் கையுறைப் பூஞ்சையின் அறிவியல் பெயரில் ரோடோடென்ட்ரான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதன்முதலில் அமெரிக்காவில் வேறொரு ரோடோடென்ட்ரான் மரத்தில் கண்டுபிடித்து அந்தப் பெயர் வைத்துவிட்டார்கள். பாவம், அது வாழும் ஹேசல் காட்டையே இங்கே இன்னொரு ரோடோடென்ட்ரான் விழுங்கிக்கொண்டிருக்கிறது. இதே மாதிரி, சிட்கா ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் அமெரிக்காவின் பசிபிக் கரை மழைக்காட்டின் மூத்த குடி. 1831இல் டேவிட் டக்ளஸ் விதை கொண்டுவந்தார். இப்போது தோட்டம் தோட்டமாக நட்டு, விதை பறந்து இந்த மழைக்காட்டுக்குள் முளைத்து நிழல் போடுகிறது.

கடைசியாக வந்தது ஆஷ் மரத்தைக் கொல்லும் பூஞ்சை நோய். கிழக்காசியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்து, பிரிட்டனில் 2012இல் உறுதியானது. ஆஷ் பட்டையில் அமிலத்தன்மை குறைவு, நுரையீரல் லைக்கன் கூட்டத்துக்கு அதுதான் சொகுசு வீடு. மரம் சாய்ந்தால் குடித்தனக்காரர் எல்லோரும் நடுத்தெருவில். பறந்து போய் அடுத்த மரத்தில் ஒட்ட அவற்றால் சுலபமாக முடியாது, வளர்ச்சியும் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான். விழுந்த மரத்திலிருந்து பெயர்த்துப் பக்கத்து மரத்தில் வலை வைத்து ஒட்டிப் பார்க்கும் முயற்சிகளும் நடக்கின்றன. "அதனால் என்ன, புதுக்கன்று நடலாமே" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். நடலாம், நட்டுக்கொண்டும்தான் இருக்கிறோம். ஆனால் நட்ட கன்றில் நுரையீரல் லைக்கன் வர நம் ஆயுள் போதாது. பழைய மரம் பக்கத்தில் நின்றால்தான் அதுவும் வரும். ஆயிரம் கன்று நடுவதைவிட ஒரு கிழட்டு ஹேசல் தூரைச் சுற்றி ரோடோடென்ட்ரானைப் பிடுங்குவது உருப்படியான வேலை என்பது என் கட்சி.

அடுத்த தடவைக்கு யோசனை: மேற்குக் கரையில் ஆர்கைல் பக்கம் டெய்னிஷ் காட்டுக்கு அல்லது பாலஹுவன் போங்கள். இரண்டு கிலோமீட்டர் நடந்தால் போதும். மழை விட்ட மறுநாள் போவது நல்லது. பத்து மடங்கு கைலென்ஸ் ஒன்று வாங்குங்கள், இணையத்தில் மலிவாகவே கிடைக்கும். அதைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு முகத்தைப் பட்டைக்கு அருகே கொண்டுபோக வேண்டும், கையை நீட்டிப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. ஒரே மரத்தில் அரைமணி நேரம் செலவழியுங்கள். கூட வந்தவர்கள் பொறுமை இழப்பார்கள், அவர்களை முன்னால் அனுப்பிவிடுங்கள்.

கல்பாசி கிடைத்தால் குழம்புக்கு எடுத்து வரலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் இதைச் சொன்ன எல்லோரும் அடுத்ததாக அதைத்தான் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். மரத்தில் இருப்பதைப் பெயர்க்காதீர்கள். பக்கத்தில் இருப்பது இன்னொரு லைக்கனா, அரிய இனமா என்று நமக்குச் சட்டென்று தெரியாது. கிளாஸ்கோவில் நம் ஆட்கள் நடத்தும் மளிகைக் கடையிலேயே பாக்கெட் கிடைக்கிறது. புயலுக்கு மறுநாள் முறிந்து கிடக்கும் கிளை இருந்தால் உட்கார்ந்து நிதானமாகப் பாருங்கள், உச்சிக்கிளை லைக்கன்களைப் பார்க்க அதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிட்டு வாருங்கள்.